அரசு ஓட்டுநர் வேலைக்கு வேலூர்ப் பக்கத்தில் தயாராவது எப்படி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுக்க ஸ்டியரிங் பிடித்துக் குடும்பம் நடத்துபவர்கள் ஏராளம். ஆம்பூர் ஷூ கம்பெனி வேன், சிப்காட் லாரி, பள்ளிக்கூடப் பஸ், காட்பாடி ஸ்டேஷன் டாக்ஸி என்று வருஷக்கணக்கில் ஓட்டியவர்களுக்கு அரசு ஓட்டுநர் பணிக்குத் தேவையான கைத்திறன் ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் தவறிப்போவது பெரும்பாலும் ஓட்டிக் காட்டும் இடத்தில் இல்லை. அதற்கு முன்னால், காகிதத்தில். லைசென்ஸில் ஒரு வகை குறைவு, அனுபவச் சான்றில் தேதி இல்லை, இனச்சுழற்சி (அந்த இடம் எந்த வகுப்பினருக்கு என்று சொல்லும்) வரியைப் படிக்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் வண்டியைவிடக் காகிதத்துக்குத்தான் அதிக இடம்.

எந்த வேலை, எங்கிருந்து வரும்

மூன்று வழிகள் முக்கியம். முதலாவது, ஊரக வளர்ச்சித் துறையின் ஈப்பு ஓட்டுநர், அதாவது ஒன்றிய ஆபீஸில் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) வண்டி ஓட்டும் வேலை. 2019 நவம்பரில் பிரிந்த பிறகு வேலூர் மாவட்டத்தில் இருப்பவை 7 ஒன்றியங்கள்: வேலூர், கணியம்பாடி, அணைக்கட்டு, காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், பேர்ணாம்பட்டு. இடம் காலியாகும்போது ஒன்று, இரண்டு என்றுதான் வரும். எட்டாம் வகுப்பு தேர்ச்சி, செல்லத்தக்க லைசென்ஸ், 5 வருஷத்துக்குக் குறையாத ஓட்டுநர் அனுபவம் என்று கேட்பது வழக்கம். சம்பள விகிதம் 19,500 ரூபாயில் தொடங்கும். அறிவிப்பு மாவட்ட இணையதளத்திலும் ஒன்றிய அலுவலகப் பலகையிலும் நாளிதழிலும் வரும். விண்ணப்பிக்கக் கிடைக்கும் அவகாசம் குறைவு. வருவாய்த் துறை போன்ற மற்ற துறைகளின் ஓட்டுநர் பணியும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

இரண்டாவது, அரசுப் போக்குவரத்துக் கழகம். வேலூர் மண்டலம் விழுப்புரம் கோட்டத்தில் அடங்கும். 2025 மார்ச்சில் எட்டுக் கழகங்களுக்கும் சேர்த்து 3,274 ஓட்டுநருடன் நடத்துநர் பணிக்கு அறிவிப்பு வந்தது. அதில் விழுப்புரம் கோட்டத்துக்கு 322. வேலூர் மண்டலத்துக்கு 50, திருவண்ணாமலை மண்டலத்துக்கு 37. கேட்ட தகுதி: பத்தாம் வகுப்பு தேர்ச்சி, 24 வயது நிறைவு, பொதுப் பிரிவுக்கு 40 வரை, மற்ற வகுப்பினருக்கு 45 வரை, உயரம் குறைந்தது 160 செ.மீ., எடை 50 கிலோ, கனரக லைசென்ஸோடு 18 மாத அனுபவம், நடத்துநர் உரிமம், பொதுப்பணி வில்லை (பேட்ஜ்). கட்டணம் 1,180 ரூபாய்; எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 590. விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும். எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் செய்முறைத் தேர்வு, நேர்முகம் என்று மூன்று கட்டம். அடுத்த அறிவிப்பில் இந்த எண்கள் மாறலாம். ஆனாலும் தயாரிப்புக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

மூன்றாவது, மத்திய அரசு. அஞ்சல் துறையின் ஸ்டாஃப் கார் டிரைவர் பணிக்குப் பத்தாம் வகுப்பு, இலகுரக, கனரக லைசென்ஸ் இரண்டும், 3 வருஷ அனுபவம், சின்னச் சின்னப் பழுதைச் சரிசெய்யும் அறிவு கேட்கிறார்கள். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 27 தான். சி.ஐ.எஸ்.எஃப். (மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை) ஓட்டுநர் காவலர் பணிக்கு 21 முதல் 27 வயது, உயரம் 167 செ.மீ.க்குக் குறையக் கூடாது. வயது குறைவாக இருப்பவர்கள் மாநில அறிவிப்புக்காக மட்டும் காத்திருந்து இந்த வயதைக் கடத்திவிட வேண்டாம்.

லைசென்ஸை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்

அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக வழங்கிய தேதி இருக்கும். எல்.எம்.வி. (இலகுரகம்) ஒரு தேதி, டிரான்ஸ்போர்ட் (போக்குவரத்து வாகனம்) ஒரு தேதி, ஹெவி (கனரகம்) ஒரு தேதி. கனரக அனுபவம் கேட்கும் அறிவிப்பில் ஹெவி போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு ஓடும்; முதன்முதலில் லைசென்ஸ் எடுத்த தேதியிலிருந்து அல்ல. 2015இல் கார் லைசென்ஸ் எடுத்து 2024 கடைசியில் ஹெவி போட்டவர் தன்னைப் பத்து வருஷ அனுபவக்காரராக நினைத்து விண்ணப்பிப்பார். சான்றிதழ் சரிபார்ப்பில் அது நிற்காது.

படிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 18 வயதில் எல்.எம்.வி. எடுக்கலாம். போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு 20 வயது ஆக வேண்டும். அதற்கு எல்.எல்.ஆர். போடவே, எல்.எம்.வி. லைசென்ஸ் கையில் வந்து ஒரு வருஷம் முடிந்திருக்க வேண்டும். ஹெவிக்குப் பயிற்சிப் பள்ளியின் படிவம் 5 சான்றும், டாக்டர் தரும் படிவம் 1ஏ மருத்துவச் சான்றும் வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு இந்த வரிசையைத் தொடங்கினால் எந்த வழியிலும் எட்டிப் பிடிக்க முடியாது. எல்.எம்.வி. மட்டும் வைத்திருக்கும் 22 வயதுப் பையன் இந்த மாதமே ஹெவிக்குப் போடட்டும்.

இன்னொரு குழப்பம் பேட்ஜ். 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. இதை வைத்துக்கொண்டு 'இனி பேட்ஜ் தேவையில்லை' என்று சிலர் சொல்கிறார்கள். சாலையில் ஓட்டுவதற்கு அது சரி. வேலைக்கு எடுக்கும் துறை தன் அறிவிப்பில் வில்லை கேட்டிருந்தால் அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தீர்ப்பைக் காட்டி அங்கே வாதாட முடியாது.

காலாவதி தேதியில்தான் பலர் விழுகிறார்கள். போக்குவரத்து வாகன லைசென்ஸ் 5 வருஷம் செல்லும். முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அது போய்விட்டது. இப்போது முடிந்த மறுநாளே அது செல்லாத லைசென்ஸ். முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். நடுவில் இரண்டு மாதம் இடைவெளி விழுந்தால், 'தொடர்ச்சியாக லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும்' என்று கேட்கும் அறிவிப்பில் அந்த இரண்டு மாதம் உங்களை வெளியே தள்ளிவிடும். முடிவு தேதிக்கு மூன்று மாதம் முன்பே போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சாரதி என்ற அரசு லைசென்ஸ் இணையதளத்தில் தங்கள் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். விவரம் வரவில்லை என்றால் லைசென்ஸ் கொடுத்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய விவரத்தைக் கணினியில் ஏற்றும் பதிவு, போடச் சொல்ல வேண்டும். வேலூர் டி.என்.23, ராணிப்பேட்டை டி.என்.73, வாணியம்பாடி டி.என்.83, திருவண்ணாமலை டி.என்.25. வாணியம்பாடிக்காரர் பலருடைய பழைய லைசென்ஸ் 23இல் இருக்கும். அதனால் எங்கே கொடுத்தார்கள் என்று பார்த்துவிட்டு அலையுங்கள். பெயரின் இனிஷியலும் பிறந்த தேதியும் லைசென்ஸ், டி.சி., ஆதார் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் அப்படியே பாருங்கள். டி.சி.யில் இருப்பதற்குத்தான் மற்ற இரண்டையும் மாற்ற வேண்டும்.

நடத்துநர் உரிமத்துக்குப் பத்தாம் வகுப்பும் முதலுதவிச் சான்றும் தேவை. முதலுதவி வகுப்பை வெறும் காகிதமாக எண்ணாமல் உட்கார்ந்து கேளுங்கள். நேர்முகத்தில் அதிலிருந்து கேள்வி வரும்.

அனுபவச் சான்று

'இவர் எங்களிடம் ஐந்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறார், நல்ல குணம் உடையவர்' என்று லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதி வாங்கி வருகிறார்கள். இது நற்சான்று. அனுபவச் சான்று வேறு. அதில் இருக்க வேண்டியவை: வேலையில் சேர்ந்த தேதி, விட்ட தேதி அல்லது இன்றுவரை என்ற குறிப்பு, ஓட்டிய வண்டியின் வகையும் பதிவெண்ணும், உங்கள் லைசென்ஸ் எண், நிறுவனத்தின் முகவரியும் போன் எண்ணும், கையெழுத்துப் போடுபவரின் பெயர், பதவி, முத்திரை, தேதி. அறிவிப்போடு சான்று மாதிரிப் படிவம் இணைத்திருந்தால் அதில் மட்டுமே வாங்குங்கள்.

சான்றில் இருக்கும் பதிவெண்ணும் தேதியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். 2022இல் பதிவான வண்டியை 2020 முதல் ஓட்டியதாக எழுதியிருந்தால், வாகன விவரம் காட்டும் பரிவாகன் அரசு தளத்தில் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒரே முதலாளியிடம் மூன்று வண்டி மாற்றி ஓட்டியிருந்தால் மூன்றையும் காலவாரியாக எழுதச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்திருந்தால் அதன் பதிவும், சம்பளம் வங்கிக்கு வந்திருந்தால் பாஸ்புக் பக்கமும் சான்றுக்கு முதுகெலும்பு. பேர்ணாம்பட்டு, ஆம்பூர் தோல் கம்பெனிகளிலும் தனியார் பள்ளிகளிலும் ஓட்டுபவர்களுக்கு இது கிடைக்கும். சொந்தமாக டாடா ஏஸ் ஓட்டுபவர்கள் ஆர்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் நகல்களைச் சேர்த்து வைக்கட்டும். வேலை மாறும்போது அன்றைக்கே பழைய இடத்தில் சான்று வாங்கிவிடுங்கள். மூன்று வருஷம் கழித்துப் போனால் மேனேஜர் மாறியிருப்பார், கம்பெனியே மூடியிருக்கும்.

அறிவிப்பில் முதலில் படிக்க வேண்டிய வரி

சம்பளம் இல்லை, இனச்சுழற்சி. தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு 200 புள்ளிச் சுழற்சியில் ஓடுகிறது. பொது 31, பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. நூறு இடம் வந்தால் எல்லாருக்கும் பங்கு இருக்கும். ஒன்றியத்தில் ஒரே ஒரு இடம் வரும்போது, அந்த முறை யாருடைய புள்ளியோ அவர்கள் மட்டும்தான் விண்ணப்பிக்கலாம். 'எம்.பி.சி., முன்னுரிமையற்றவர்' என்று போட்டிருந்தால் பி.சி. பிரிவுக்காரர் அனுப்பும் உறை பிரித்தவுடனே ஒதுக்கப்படும். 'பொதுப் போட்டி' என்று இருந்தால் எந்த வகுப்பினரும் போடலாம். அந்த வாய்ப்பை யாரும் விடக் கூடாது. 'முன்னுரிமை' என்று இருந்தால் முன்னாள் ராணுவத்தினர், ஆதரவற்ற விதவை, கலப்புத் திருமணம் செய்தவர் போன்றவர்களுக்கான முறை அது. அந்தச் சான்று உங்களிடம் இருந்தால்தான் அர்த்தம்.

வயதை அந்த வருஷம் ஜூலை 1ஆம் தேதியை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். அறிவிப்பில் வேறு தேதி இருந்தால் அதுதான் செல்லும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருங்கள். மாவட்டம் பிரிந்த பிறகு ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பழைய மாவட்டப் பெயரே இருப்பவர்கள், அந்த மாவட்டத்தில் குடியிருப்பவர் என்ற நிபந்தனை வந்தால் தடுமாறுவார்கள். இப்போதைய தாலுகாவிலிருந்து இருப்பிடச் சான்றை இ-சேவையில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

தபாலில் அனுப்பும் விண்ணப்பத்துக்கு: உறையின் மேல் பதவியின் பெயரை எழுதுங்கள், தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையைக் கேட்ட அளவில் வையுங்கள், எல்லா நகலிலும் சுயகையொப்பமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடைசி நாள் மாலை 5.45 என்றால் அந்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று அர்த்தம். அன்றைக்குத் தபாலில் போட்டால் போதும் என்பதில்லை. பக்கத்து ஒன்றியமாக இருந்தால் நேரிலேயே கொடுத்துவிட்டு ஒப்புகை வாங்குங்கள்.

எழுத்துத் தேர்வு

போக்குவரத்துக் கழகத்துக்கும் மத்திய அரசுப் பணிகளுக்கும் இது உண்டு. எப்படிப் படிப்பது என்பதற்கு, டெல்லி போலீஸ் ஓட்டுநர் காவலர் தேர்வின் அமைப்பு நல்ல வழிகாட்டி: 100 கேள்வி, 90 நிமிடம், அதில் பொது அறிவு 20, காரண அறிதல் 20, கணக்கு 10, சாலை விதியும் வாகனப் பராமரிப்பும் மாசும் சேர்ந்து 50. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். பாதி மதிப்பெண் உங்கள் தொழிலிலிருந்தே வருகிறது. பொது அறிவுப் புத்தகத்தை மட்டும் புரட்டிவிட்டு, தினமும் கையாளும் விஷயத்தைப் படிக்காமல் போவது பெரிய நஷ்டம்.

கடையில் கிடைக்கும் பழைய கைடுகளை நம்புவதில் ஒரு ஆபத்து உண்டு. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கண்மூடித்தனமாக ஓட்டுவது முன்பு 279, இப்போது 281. அஜாக்கிரதையால் மரணம் முன்பு 304ஏ, இப்போது 106. சாலை விதிகளும் 1989 ஒழுங்குமுறையிலிருந்து 2017 ஒழுங்குமுறைக்கு மாறியிருக்கின்றன. அபராதத் தொகைகள் 2019 திருத்தத்தில் மாறின. அட்டையில் எந்த வருஷம் அச்சானது என்று பார்த்து வாங்குங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் மனதில் நிற்க வேண்டியவை அதிகமில்லை. பிரிவு 185 குடித்துவிட்டு ஓட்டுவது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் குற்றம், முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. 194பி சீட் பெல்ட், 1,000 ரூபாய். 194இ ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழிவிடாதது, 10,000. பிரிவு 134 விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியது: காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், விபத்து நடந்த இடத்தில் போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். 134ஏ உதவி செய்த மூன்றாம் மனிதருக்குச் சட்டப் பாதுகாப்பு. நேர்முகத்தில் 'விபத்து நடந்துவிட்டது, என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு இந்த 134தான் பதில். 'அதிகாரிக்குப் போன் செய்வேன்' என்று தொடங்குபவர்கள் மதிப்பெண் இழக்கிறார்கள். வண்டியை நிறுத்துவது, காயம்பட்டவரைக் கவனிப்பது, 108, போலீஸ், அதற்குப் பிறகு அதிகாரி என்பதே வரிசை.

சாலைக் குறியீடுகளை வடிவத்தால் பிரித்துக்கொள்ளுங்கள். வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல். எண்கோணம் 'நில்', தலைகீழ் முக்கோணம் 'வழிவிடு'. சிக்னல் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ரவுண்டானாவில் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை. குறுகிய மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டியவருக்குக் கடைசி விதியின் காரணத்தைச் சொல்லித் தர வேண்டாம்: ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி எடுப்பது கடினம்.

கணக்கில் கேட்பது தூரம், நேரம், மைலேஜ். கிலோமீட்டர் வேகத்தை 5ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தால் நொடிக்கு மீட்டர் வரும், 72 கி.மீ. என்றால் 20 மீட்டர். 140 கி.மீ. தூரத்தைச் சராசரி 50 கி.மீ. வேகத்தில் கடக்க 2 மணி 48 நிமிடம். இங்கே 2.8 மணி என்று வரும். அதை 2 மணி 80 நிமிடம் என்று குறிப்பவர்கள் உண்டு. 0.8ஐ 60ஆல் பெருக்க மறக்காதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதும் அடிக்கடி வரும் கேள்வி.

வாகனப் பகுதியில் மேலோட்டமான வாய்ப்பாடு போதாது. காரணம் தெரிய வேண்டும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை, காற்றை அழுத்தும் சூட்டிலேயே எரிகிறது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, ஏனெனில் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் திறந்த நொடியில் கொதித்துப் பீறிடும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும், தட்டுகள் மூழ்கும் அளவுக்கு. டயர் பள்ளம் கார், பஸ், லாரிக்கு 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 டீசல் பஸ், லாரிகளில் டி.இ.எஃப். (புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்) தொட்டி தனியாக இருக்கும். அதில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியா கரைசல், டீசலைத் தவறி ஊற்றினால் பம்பும் சென்சாரும் போய்விடும். ஏர் பிரேக் வண்டியில் காற்று இறங்கினால் பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அழுத்தம் ஏறும்வரை வண்டி நகராது. எஃப்.சி. (தகுதிச் சான்று) புதிய போக்குவரத்து வண்டிக்கு முதல் 8 வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷா வருஷம்.

ஓட்டிக் காட்டும் நாள்

தினமும் ஓட்டுபவர்கள் இங்கே தோற்பது பழக்கத்தால். அவர்கள் ஓட்டுவது சரியாகத்தான் இருக்கும். தேர்வாளர் பார்க்கும் வரிசையில் இருக்காது. வண்டியில் ஏறும் முன்பே மதிப்பீடு தொடங்கிவிடுகிறது. ஒரு சுற்று வந்து டயர்கள், கீழே எண்ணெய், தண்ணீர் ஒழுகல், விளக்குகள், நம்பர் பிளேட் பாருங்கள். பானெட் திறக்கச் சொன்னால் எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். துடைக்காமல் பார்ப்பது தவறு. ஏறியதும் சீட், மூன்று கண்ணாடி, சீட் பெல்ட், கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பிறகு சாவி. பஸ்ஸாக இருந்தால் காற்றழுத்த மீட்டர் ஏறும்வரை காத்திருந்து பச்சைப் பகுதிக்கு வந்தபின் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பாருங்கள். அவசரப்பட்டு முதல் கியர் போடுபவர்தான் இந்த இடத்தில் மாட்டுவார்.

கிளம்பும்போது இண்டிகேட்டர், வலது கண்ணாடி, தலையைத் திருப்பி ஒரு பார்வை. கண்ணாடியைக் கண்ணால் மட்டும் பார்த்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தலை லேசாக அசைய வேண்டும்.

ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும் கட்டம் பலரைக் கவிழ்க்கிறது. ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள், முதல் கியர், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்துப் பிடியுங்கள், கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் சத்தம் குறைந்து வண்டியின் மூக்கு லேசாக எழும் இடத்தில் கிளட்சை அப்படியே நிறுத்துங்கள். அப்போது ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் ஒரு அங்குலம்கூட வராது. பயந்துபோய் கிளட்சைச் சட்டென்று விட்டால் அணையும். ஹேண்ட் பிரேக்கை முன்னமே விட்டால் உருளும். அணைந்துவிட்டால் பதறாதீர்கள்: பிரேக், ஹேண்ட் பிரேக், நியூட்ரல், மறுபடி முதலிலிருந்து. மலையூர்களுக்குப் போகும் சாலைகளில் காலை நேரத்தில், வண்டி நடமாட்டம் இல்லாத ஏற்றமாகப் பார்த்துப் பழகலாம். அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று மலை ஊராட்சிகள் இருக்கின்றன. அந்த ஒன்றியத்தின் ஓட்டுநருக்கு இது தேர்வு முடிந்ததும் மறக்கிற வித்தை இல்லை, அன்றாட வேலை.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம், நம் பக்கத்து லாரிகளில் நிறையப் பேருக்கு உண்டு. தேர்வில் அது பெரிய குறை. எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக் மட்டும் வேலை செய்து சூடேறிப் பிடிமானம் இழக்கும் என்ற காரணத்தையும் கேட்பார்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

ரிவர்ஸுக்குத் தனியாகப் பழகுங்கள். மைதானத்தில் நான்கு குச்சி நட்டு, வண்டியின் அகலத்தோடு இரண்டு பக்கமும் அரை மீட்டர் கூடுதலாக விட்டு ஒரு பெட்டி அமையுங்கள். இரண்டு கண்ணாடியிலும் பின் சக்கரத்தைப் பாருங்கள். பின் சக்கரம் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். கதவைத் திறந்து உடம்பை வெளியே போட்டுப் பின்னால் பார்ப்பதை விட்டுவிடுங்கள். சென்சார் வைத்த தேர்வுத் தளத்தில் வலப்பக்கம் சரியாகப் போய் இடப்பக்கம் கம்பத்தில் உரசுவது இதனால்தான். வேகம் கிளட்ச் பிடியில் மட்டும் இருக்கட்டும். நடுவில் ஒருமுறை நிறுத்திச் சரிபார்ப்பது தவறில்லை, கம்பத்தைத் தொடுவதுதான் தவறு.

கார் மட்டும் ஓட்டிப் பழகியவர் ஹெவி தேர்வுக்கு முன் ஒரு நல்ல பயிற்சிப் பள்ளியில் பஸ்ஸின் நீளத்துக்குப் பழக வேண்டும். பின் சக்கரம் திருப்பத்தில் உள்ளே வெட்டும் அளவு காரைவிடப் பல மடங்கு. இடது திருப்பத்தில் கொஞ்சம் தள்ளிப் போய்த் திருப்ப வேண்டும். காட்பாடியிலும் வேலூர் கிரீன் சர்க்கிளிலும் டவுன் பஸ்காரர்கள் திருப்புவதைப் பின்னால் நின்று கவனித்தாலே பாதி புரியும். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக ஓட்டுநர் பயிற்சியும் உண்டு.

உடலும் நேர்முகமும்

கண் பரிசோதனையை இப்போதே செய்துகொள்ளுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிய வேண்டும் என்பது லைசென்ஸுக்கே உள்ள அளவு. நிறக் குருடு இருந்தால் பிறகு எந்தத் தயாரிப்பும் பயன்படாது. அது முதலிலேயே தெரிவது நல்லது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தால் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டுக் கட்டுக்குள் வையுங்கள். நிலுவையில் இருக்கும் இ-சலானைக் கட்டி ரசீது வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு ஏதேனும் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். மறைத்தது போலீஸ் விசாரணையில் தெரிந்தால் அதுவே தனிக் காரணமாகி வேலை போகும்.

ஈப்பு ஓட்டுநர் நேர்முகத்தில் லாக் புக் பற்றிக் கேட்பார்கள். கிளம்பிய நேரம், மீட்டர் எண், போன இடம், வேலையின் காரணம், திரும்பிய மீட்டர் எண், போட்ட டீசல், வண்டியைப் பயன்படுத்திய அதிகாரியின் கையெழுத்து என்று அன்றன்றைக்கு எழுத வேண்டியது அது. 210 கி.மீ. ஓடி லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்தால் எவ்வளவு டீசல் என்று அங்கேயே கேட்டால் 17.5 லிட்டர் என்று தயங்காமல் வர வேண்டும். அரசு வண்டிக்கு ஜி வரிசை, போக்குவரத்துக் கழகப் பஸ்ஸுக்கு என் வரிசை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

பணம் கொடுத்தால் வேலை என்று கிராமத்துக்கு வருபவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நிலத்தை அடகு வைத்துக் கொடுத்தவர்களின் கையில் கடைசியில் மிஞ்சுவது போலிப் பணி ஆணை. விண்ணப்பக் கட்டணம் என்பது அறிவிப்பில் அச்சிட்ட தொகை மட்டும், அதுவும் அறிவிப்பில் சொன்ன வழியில் மட்டும். யாராவது கேட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகும்போது அசல்கள் ஒரு ஃபைலில், சுயகையொப்பமிட்ட இரண்டு செட் நகல் இன்னொரு ஃபைலில் இருக்கட்டும். வரிசை: அழைப்புக் கடிதம், டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, லைசென்ஸ், நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று, அனுபவச் சான்று, வேலைவாய்ப்புப் பதிவு அட்டை, ஆதார், போட்டோ. அசல் சான்று எதையும் லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையையும் கையெழுத்தையும் சரிபார்க்க முடியவில்லை என்று திருப்பிவிட இடம் கொடுக்கும்.